பனிக்கரடிகளின் தாடி

நவம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும் நான்கு அணிகள் பனிக்கட்டியின் மேல் வழுக்கி வழுக்கி விளையாடின. யார் முதலிடம், யார் கடைசி என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துபோயிற்று. தெரிந்த மறுநாளே வளைகுடா பனி ஹாக்கி லீக் அந்த முடிவைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, சாம்பியன் யார் என்று கண்டுபிடிக்க மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. இதற்குப் பெயர் பிளே-ஆஃப். நான்கு அணிகள் ஆடிய லீக்கிலிருந்து மிகச் சிறந்த நான்கு அணிகள் இதற்குத் தகுதி பெற்றன. அதைக் கொண்டாட ஒரு விருந்து நடந்தது. விருந்துக்கு முன்னால், தகுதி பெறாமல் போனவர்களை நினைத்து எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள்.

கௌரிசங்கரும் எழுந்து நின்றான். நிற்காமல் முடியாது. அவன் ஷார்ஜாவில் ஒரு பெரிய காண்ட்ராக்டிங் கம்பெனியில் எஸ்டிமேஷன் இன்ஜினீயர். திருநெல்வேலிக்காரன். பனிக்கட்டியை ஜூஸ் டம்ளருக்கு வெளியே அவன் பார்த்ததே கிடையாது. ஆனால் கம்பெனிக்கும் லீக்குக்கும் ஒரே முதலாளி. முதலாளி கனடாவுக்குச் சுற்றுலா போனவர், அங்கே இந்த ஆட்டத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து, ‘பாலைவனப் பனிக்கரடிகள்’ என்று ஓர் அணியையும், அது மோதுவதற்கு ஒரு லீக்கையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். லீக்கை நடத்த அங்கிருந்தே ஒரு கமிஷனரையும் கூட்டி வந்தார். இத்தனை பேர் வந்தபிறகு பார்க்க ஆள் வேண்டுமே? டியூட்டி முடிந்ததும் கம்பெனி பஸ்கள் தொழிலாளர் கேம்ப்புக்குப் போகாமல் நேரே துபாயில் ஒரு மாலுக்குப் போய் நிற்கும். வெளியே முப்பது டிகிரி. உள்ளே போகும்போது வாசலில் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கொடுப்பார்கள். வெயிலில் கம்பி கட்டிவிட்டு வந்தவர்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, சூடாக ஒரு சாயா கிடைக்குமா என்று ஏங்கியபடி உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் பேப்பரில், அரங்கம் நிரம்பி வழிந்தது என்று செய்தி வரும்.

பனிக்கரடிகள் லீக்கில் கடைசி இடம். அது பற்றி ஊழியர்கள் மனம் தளரக்கூடாது என்று கமிஷனர் ஆபீஸுக்கே வந்து பேசினார்.

“சீசன் என்பது எந்த அணி சிறந்தது என்று கண்டுபிடிப்பதற்கு. பிளே-ஆஃப் என்பது அந்தத் தவறைத் திருத்துவதற்கு. முதலிடத்தில் வந்த அணிதான் சாம்பியன் என்றால், நண்பர்களே, அப்புறம் எங்களுக்கெல்லாம் இங்கே என்ன வேலை?”

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கௌரிசங்கருக்கு இருந்த கவலையே வேறு. அவன் மனைவி ராதா பிள்ளைத்தாய்ச்சி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்ற நிலையில் தங்கிய கரு. வளைகாப்புக்கு ஊருக்குப் போனவள் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று இவன் கையில் அடித்துச் சத்தியம் செய்து அனுப்பியிருந்தான். மே பதினைந்துக்கு லீவு. லீவுக்கு முன்னால் கம்பெனியில் வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவார்கள். பெட்டி பாதி கட்டியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி வைக்கக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். பிறந்த செய்தி காதில் விழுந்த பிறகுதான் சவரம். கௌரிசங்கர் மற்ற நேரங்களில் பகுத்தறிவு பேசுகிறவன்தான். ஆனாலும் ஏழு வருஷம் காத்திருந்தவன் எதிலும் பரீட்சை பார்க்க மாட்டான். ஆக, ஏப்ரல் மாதத்தில் அவன் தாடி நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வினை அங்கேதான் பிடித்தது.

அரையிறுதியில் ‘குவைத் முத்துகள்’ அணியுடன் மோதல். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தவர் உள்ளே. முதல் ஆட்டத்தில் பனிக்கரடிகள் வழக்கம்போலத் தோற்றார்கள். இரண்டாவதிலும் தோற்றுக்கொண்டிருந்தபோது, கேமரா கூட்டத்தைச் சுற்றி வந்து கௌரிசங்கரின் மேல் நின்றது. அவன் கண்ணை மூடி ராதாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். தாடி பெரிய திரை முழுக்கத் தெரிந்தது. பனி ஹாக்கியில் ஒரு சம்பிரதாயம் உண்டு: பிளே-ஆஃப் தொடங்கினால் கோப்பை கிடைக்கும் வரை அல்லது தோற்கும் வரை ஆட்டக்காரர்கள் சவரம் செய்ய மாட்டார்கள். ஒரு வாரத் தாடியோடு சறுக்கிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நமக்காக ஒரு மனிதன் சீசன் தொடங்கியதிலிருந்து சவரம் செய்யாமல், கண்ணை மூடிப் பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்தடுத்து மூன்று கோல் அடித்து ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கேப்டன் தடுப்பின் மேல் ஏறி வந்து அந்தத் தாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் எச்.ஆர். மேனேஜர் கோபாலசாமி கூப்பிட்டனுப்பினார். அவர் கோயம்புத்தூர்க்காரர், பனிக்கரடிகளின் நிர்வாகப் பொறுப்பும் அவர் தலையில்தான். லீவு சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு கௌரிசங்கர் ஓடினான். அங்கே கமிஷனர் எழுந்து நின்று கைகொடுத்து, இன்று முதல் நீங்கள் லீக்கின் அதிகாரப்பூர்வத் தாடித் தூதர் என்றார். இது ஹாக்கிக்காக வளர்த்ததில்லை என்று இவன் ஆரம்பிப்பதற்குள் கோபாலசாமி மேஜைக்கடியில் காலை மிதித்தார். கமிஷனர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

“ஏனுங்க கௌரி, எனக்குத் தெரியாதுங்களா அது என்ன தாடின்னு? ரெண்டு கொழந்தைக்கும் நானும் வளத்தவந்தானுங்க. அதெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும். மேல சொல்லீட்டீங்கன்னா என் வேலை போயிரும்.”

“என் லீவு சார்?”

“அரையிறுதி முடியட்டுங்க. நானே கையில பாஸ்போர்ட்டக் குடுத்து அனுப்பறேன்.”

லீக் தொடங்கி நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் அதன் மரபுகளைக் காக்க ஒன்பது பேர் கொண்ட மரபுக் குழு இருந்தது. அந்தக் குழு தாடியின் பொறுப்பை ஏற்றது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு உறுப்பினர்கள் தாடியைப் பார்வையிடுவார்கள். சீப்பு படக்கூடாது. சாம்பார் படலாம், ஆனால் தகவல் தெரிவிக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து தொட்டுவிட்டுத்தான் களம் இறங்குவார்கள். துபாயின் ஷேக் ஜாயித் ரோட்டில் அவன் படம் மூன்று மாடி உயரத்துக்கு எழுந்தது. அலுவலகத்தில் ஆண்கள் எல்லோரும் தாடி வளர்க்க வேண்டும் என்று சர்க்குலர் வந்தது. பெண்களுக்கு விலக்கு அளிப்பது பற்றி நீண்ட விவாதம் நடந்து, கடைசியில் அளிக்கப்பட்டது. சைட்டில் பெஷாவர்க்காரர்களான ஃபோர்மேன்கள் பல வருஷமாகவே நெஞ்சு வரைக்கும் தாடி வைத்திருந்தார்கள். அவை ஹாக்கியை உத்தேசித்து வளர்க்கப்பட்டவை அல்ல என்பதால் கணக்கில் சேராது என்று மரபுக் குழு தீர்ப்பளித்தது. அவர்கள் ஸ்வெட்டரைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மூன்றாவது ஆட்டத்திலும் பனிக்கரடிகள் ஜெயித்தார்கள். அரையிறுதி முடிந்தது என்று கௌரிசங்கர் எழுந்தான். உட்காரச் சொன்னார்கள். மக்கள் ஆர்வம் கரைபுரண்டு ஓடுவதால் மூன்று ஆட்டத் தொடர் ஐந்து ஆட்டமாக நீட்டிக்கப்படுகிறது என்று கமிஷனர் மைக்கில் அறிவித்தார். வெளியே மக்கள் ஆர்வத்தைக் கேம்ப்புக்குக் கொண்டுபோக பஸ்கள் எஞ்சினை ஓட்டியபடி நின்றன. ஐந்து ஏழாயிற்று. ஏழாவதில் ஒருவழியாக ஜெயித்ததும், அரையிறுதி வெற்றிக்கான மேற்குப் பிரிவுக் கோப்பையை வாங்கக் கூப்பிட்டார்கள். அரையிறுதிக் கோப்பையைக் கையால் தொட்டால் பெரிய கோப்பை கிடைக்காது என்பது இன்னொரு மரபு. கமிஷனர் நீட்டினார், கேப்டன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கமிஷனருக்குக் கை வலித்தது. கீழே வைத்துவிட்டுப் போனார். அதை யார் எடுப்பது என்று மரபுக் குழு கூடிப் பேசிக்கொண்டிருக்கையில், துடைக்க வந்தவர் வாளியோடு சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மே பதினைந்து இப்படியே கடந்தது.

“எப்ப வாரிய?” என்று ராதா போனில் கேட்டாள்.

“ஃபைனல் முடிஞ்சதும் விட்டிருவாங்க.”

“நேத்து பிரஷர் கூடியிருக்குன்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. சொன்ன தேதி வரைக்கும் தாங்காதாம். நீங்க அங்க என்ன செய்யுதிய?”

தாடியோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னான்.

“பிள்ளையாருக்கு நூத்தியெட்டு தேங்கா நேந்திருக்கேன்,” என்றாள் ராதா. “உங்க டீமு தோத்துப் போவணும்னு.”

கௌரிசங்கருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஷார்ஜா முவைலாவில் அவன் ஃபிளாட்டுக்குக் கீழே பக்காலா என்கிற மளிகைக்கடை வைத்திருக்கும் காயல்பட்டணத்து மூசாவிடம் போன் கார்டு வாங்கப் போனவன், கடையிலேயே நின்று புலம்பினான். மூசா பால் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“அவங்களுக்கு வேண்டியது தாடிதானே? இந்தா பிளேடு ஈக்கிது. எடுத்துப் போட்டுட்டா உங்களை யாரு தேடப் போறா?”

நல்ல யோசனைதான். அவனுக்கும் தோன்றாமல் இல்லை. ராத்திரி கண்ணாடி முன்னால் போய் நின்றும் பார்த்திருக்கிறான். ஆனால் வீங்கிய காலோடு ராதா அங்கே படுத்திருக்கும்போது இங்கே முகத்தில் கத்தி வைத்து, அப்புறம் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? பிளேடை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். போடத்தான் முடிந்தது. கம்பெனியில் தாடி வைத்த அத்தனை பேரிலும், எடுக்கவே முடியாத தாடி அவன் ஒருவனுடையதுதான். எடுத்தால் போகலாம்; போகவேண்டிய காரணம்தான் எடுக்க விடவில்லை. நினைக்க நினைக்க அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் துணிந்து கமிஷனர் அறைக்கே போனான். கோபாலசாமியும் இருந்தார். மனைவிக்குப் பிரசவம், உடம்பு சரியில்லை என்று சொன்னான். தாடியின் கதையைச் சொல்லவில்லை. கமிஷனர் மனம் உருகிப்போனார். அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“நானும் குடும்பஸ்தன். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. டாக்டரிடம் பேசிப் பார்த்தீர்களா? ஒரு வாரம் தள்ளிவைக்க முடியாதா? எங்கள் ஆட்டத்திலேயே கூடுதல் நேரம் இருக்கிறதே. குடும்பத்தை நாங்கள் மதிக்கிறோம். அதனால்தான் உங்கள் மனைவியின் படத்தையும் அடுத்த போஸ்டரில் போடலாம் என்று இருக்கிறோம்.”

அதோடு நிற்காமல் ஒரு சலுகையும் அறிவித்தார். இறுதி ஆட்டம் முடிந்ததும் பனித்தளத்தின் நடுவில், எல்லோர் முன்னிலையிலும், கௌரிசங்கருக்கு ஒரு பரிசு வழங்கப்படும். என்ன பரிசு என்று கோபாலசாமி பெருமையோடு சொன்னார். அது கௌரிசங்கரின் பாஸ்போர்ட்.

ஏழு ஆட்டம் கொண்ட இறுதித் தொடரில் எதிரணி ‘மஸ்கட் வாள்மீன்கள்’. பனிக்கரடிகள் தோற்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாளையங்கோட்டையில் பிள்ளையாருக்கு நன்றி சொல்லப்பட்டது. ஜெயிக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் தேங்காயின் எண்ணிக்கை கூடியது. மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது ராதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஏழாவது ஆட்டத்தன்று கௌரிசங்கரை இரண்டு மரபுக் குழு உறுப்பினர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கோலுக்கும் அரங்கம் அதிர்ந்தது, அவன் போனை மட்டும் பார்த்தான். ஆட்டம் சமனில் முடிந்தது. மைக்கில் அறிவித்தார்கள்: “லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், சடன் டெத்!”

அடுத்த கோல் அடிப்பவர் ஜெயித்தார் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தக் கணத்தில்தான் அவன் போன் அதிர்ந்தது. மாமனார். “மாப்ளே...” என்ற ஒரு சொல் கேட்டது. அதற்குமேல் மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. லைன் அறுந்துபோயிற்று. பெரிய திரையில் ‘சடன் டெத்’ என்ற இரண்டு வார்த்தைகள் சிவப்பு எழுத்தில் மின்னி மின்னி மறைந்தன.

அவன் போனைப் பிடித்தபடியே எழுந்தான். தாடி கூடுதல் நேரத்தில் இடம்விட்டு அகலக்கூடாது என்று இடப்பக்கத்து உறுப்பினர் சொன்னார். இவன் அவர் மடியில் மிதித்து, பின்வரிசையில் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த பெஷாவர்க்காரர்களின் மேல் விழுந்து எழுந்து ஓடினான். அரங்கத்துக்கு வெளியே வந்ததும் நம்பரை அழுத்தினான். இரண்டு முறை தப்பாகப் போயிற்று. மூன்றாவது முறை மாமனார் எடுத்தார். பொம்பளப்பிள்ள. தாயும் பிள்ளையும் சுகம். ராதா இப்பத்தான் கண் முழிச்சா, உங்களைத்தான் கேக்கா.

கௌரிசங்கர் மாலின் நடுவில் நின்று, வெட்கமில்லாமல், சத்தமாக அழுதான். அழுது முடித்து நிமிர்ந்தால் எதிரே ஒரு சலூன். பையிலிருந்த பிளேடை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். மலையாளி பார்பர், போஸ்டரில் பார்த்த முகமாயிற்றே என்று தயங்கினார். எடுங்க, சேட்டா என்றான்.

உள்ளே தாடியைக் காணோம் என்று கூச்சல் கிளம்பியிருந்தது. பனித்தளத்தில் விரிசல் என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தாடித் தூதர் எங்கிருந்தாலும் உடனே இருக்கைக்கு வரும்படி நான்கு மொழிகளில் அறிவித்தார்கள். கமிஷனரும் கோபாலசாமியும் மூச்சிரைக்க சலூனுக்குள் நுழைந்தார்கள்.

“நீண்ட தாடி வைத்த ஒருவர் இந்தப் பக்கம் வந்தாரா?” என்று கமிஷனர் கௌரிசங்கரையே கேட்டார்.

கோபாலசாமி கேட்கவில்லை. தரையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் வந்து குனிந்தார்.

“என்ன கொழந்தைங்க?”

“பொண்ணு சார்.”

“நல்லதுங்க,” என்றார். அந்த வருஷம் முழுவதிலும் அவர் மனசிலிருந்து பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

விஷயம் கமிஷனருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், திரும்ப ஒட்ட முடியுமா என்று பார்பரைக் கேட்டார். முடியாது என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தூதர் சவரம் செய்துகொண்டார் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்தால் கோப்பை போயிற்று. முதலாளிக்குத் தெரிந்தால் லீக்கே போயிற்று. அந்த முகம் யார் கண்ணிலும் படவே கூடாது. கமிஷனர் கை நீட்ட, பரிசளிப்புக்காகக் கோட்டுப் பையில் வைத்திருந்த பாஸ்போர்ட்டைக் கோபாலசாமி எடுத்துக் கொடுத்தார். கமிஷனர் அதைப் பிரித்து, அதிலிருந்த மழமழ முகத்தையும் எதிரே இருந்த மழமழ முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

“இவர் நம் தூதர் அல்ல. இதில் இருக்கிற வேறு யாரோ. இந்த ஆளை முதல் விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.”

வளைகுடாவில் இவ்வளவு வேகமாக லீவு கிடைத்த மனிதன் கௌரிசங்கருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் நுழைந்தபோது, கன்னமும் தாடையும் ஒரு நிறமாகவும் மேலே நெற்றி ஒரு நிறமாகவும் இருந்தன. ராதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சொன்ன நாளில் வரவில்லை என்று சண்டை போட எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்தவள், சிரித்துவிட்டாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். யார் ஜெயித்தது என்று மாமனார் கேட்டார். தெரியாது என்றான்.

அது தெரிய இரண்டு நாள் ஆயிற்று. கோபாலசாமியே போன் செய்தார். பனிக்கரடிகள் ஜெயித்துவிட்டார்களாம். கோப்பை கைக்கு வந்த பிறகு, தாடித் தூதர் வெற்றிக்காகத் தன் தாடியையே பலிகொடுத்துவிட்டு மறைந்தார் என்று கமிஷனர் கண்ணீர் மல்கப் பேசினாராம். சலூன் தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளிக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்களாம். அன்றைக்கு அங்கே தலைமுடி வெட்டிக்கொண்டவர்கள் எல்லோருடையதும் அதில் உண்டு. மரபுக் குழு தினமும் காலையில் வந்து வணங்குகிறது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கோபாலசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கௌரி, இன்னொரு சமாசாரமுங்க. அடுத்த வருசமும் ஏப்ரல், மே மாசந்தானுங்க பிளே-ஆஃப். தாடி வேணும்னு கமிஷனர் ஒத்தக்கால்ல நிக்கறாரு. உங்களுக்கு முதல் கொழந்தைதானுங்களே. ரெண்டாவது... அந்தச் சமயமாப் பாத்து... வீட்டுல கலந்து பேசிப் பாருங்களேன்.”

கௌரிசங்கர் போனைக் கையால் பொத்திக்கொண்டு ராதாவைப் பார்த்தான். சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“சார், உங்களுக்கு ரெண்டு பிள்ளைய தானே?” என்றாள் மரியாதையாக. “தாடி அவ்வளவு அவசரம்னா, மூணாவது உங்க வீட்டுலயே பெத்துக்கிடச் சொல்லுங்க.”

கோபாலசாமிக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய சம்சாரத்துக்கு ஐம்பத்திரண்டு.

“தப்பில்லீங்க,” என்றார் அவர். “கமிட்டில வெச்சுப் பாக்கறனுங்க.”